அப்பா உயரம் வரும்வரைக்கும்

இதை எழுத உட்காருவதும், ஏதாவது வேலையைச் சாக்குச் சொல்லி எழுந்து போவதுமாக வருடங்கள் ஓடிவிட்டன. கோர்வையாக எழுத வராது என்பது ஒரு காரணம். ஒன்பதாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு மில்லுக்குப் போனவன் நான். ஆனால் பெரிய காரணம் அதுவல்ல. இது என் மகனுடைய உடம்பைப் பற்றிய விஷயம். பெற்ற பிள்ளையின் உயரத்தை நாலு பேருக்கு முன்னால் வைத்துப் பேசுவது, அவனை மறுபடியும் சுவரோரம் நிறுத்தி அளப்பது மாதிரி எனக்குத் தோன்றும். போன மாதம் அவனே சொன்னான்: "எழுதுங்கப்பா. பேரு மட்டும் யார் பேரும் போட வேண்டாம்." தாயாரை நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளைத்தான் எங்கள் வீட்டில் தாயார் என்போம்.

எங்கள் வீடு ராஜபாளையத்தில், மில் சங்கு கேட்கிற தூரத்தில். நான் நூல் மில்லில் ஃபிட்டர். வீட்டுக்காரி பேண்டேஜ் கம்பெனியில் துணி மடித்து பாக்கெட் போடுகிற வேலைக்குப் போகிறாள். எனக்கு நல்ல வளத்தி. மில்லில் கூட வேலை பார்ப்பவர்கள் ஒட்டடைக்கம்பு என்பார்கள். எங்களுக்கு ஒரே பிள்ளை. கல்யாணமாகி ஏழெட்டு வருடம் கழித்து, சனிக்கிழமை தவறாமல் தாயார் சன்னதிக்குப் போய் வந்து பெற்ற பிள்ளை.

அவன் சின்ன வயதில் வளர்ந்த வேகத்தை இப்போது நினைத்தாலும் ஆச்சரியமாக இருக்கும். மூன்றாம் வகுப்பில் கடைசி வரிசையில்தான் நிறுத்துவார்கள். மேல் உதட்டில் பூனைமுடி மாதிரி மீசை. குரல் உடைந்துவிட்டது. ஒரு சனிக்கிழமை மூன்று பேரும் ஸ்ரீவில்லிபுத்தூர் போக பஸ் ஏறினோம். நான் இரண்டரை டிக்கெட் கேட்டேன்.

"அரை யாருக்குய்யா?" என்றார் கண்டக்டர்.

"இவனுக்குத்தான். மூணாப்பு படிக்கான்."

அவர் குனிந்து அவன் முகத்தைப் பார்த்தார். "மூணாப்பா? மீசை வந்திருச்சேய்யா! அடுத்த ஸ்டாப்புல பொண்ணு வீட்டுக்காரவுக ஏறப் போறாக, நீரு அரை டிக்கெட்டுங்கிறீரு."

என் வீட்டுக்காரிக்குச் சுருக்கென்றது. "எம்புள்ளைய கண்ணு வைக்காதீக. பெத்தவ நான் சொல்லுதேன், ஆடி வந்தாத்தான் ஒம்பது."

"நீ பெத்தவதான் தாயி, நான் இல்லங்கலியே. ஏ தம்பி, நீ சொல்லு. எம்புட்டு வயசு?"

"எட்டு" என்றான் என் மகன். அந்தக் கட்டைக் குரலைக் கேட்டதும் பஸ் முழுக்கச் சிரித்தது. கண்டக்டரும் சிரித்துக்கொண்டே, "இந்தக் குரலுக்கு அரை டிக்கெட் கிழிச்சேன்னு எங்க டிப்போவுல சொன்னா என்னைய வீட்டுக்கு அனுப்பிருவாக" என்று கிழித்துக் கொடுத்தார்.

எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை. அன்று வீட்டுக்கு வந்ததும் அவன் அம்மா உப்பு, மிளகாய் சுற்றிப் போட்டாள். அதற்குப் பிறகு எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் இந்தக் கதையை நான் சொல்லாமல் வந்ததில்லை. கேட்டவர்கள் எல்லாரும், "அப்பனை மிஞ்சிருவான்" என்றார்கள். நிலைப்படியில் குனிந்து போகிற இரண்டு ஆண்பிள்ளைகள் ஒரு வீட்டில் என்று நானும் மனக்கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.

ஆறாம் வகுப்பில் அவனுக்கு எடை தூக்குவதில் ஆசை வந்தது. பள்ளிக்கூடத்து விளையாட்டு வாத்தியார் பெரிய பையன்களுக்குப் பழக்குவதைப் பார்த்துவிட்டு வந்து, வீட்டுத் தண்ணீர்க் குடத்தைத் தூக்கித் தூக்கி இறக்குவான். நான்தான் அவனுக்குச் சாமான் செய்து கொடுத்தேன். பழைய இரும்புப் பைப் ஒன்றின் இரண்டு பக்கமும் காலி பெயிண்ட் டப்பாவை மாட்டி சிமெண்ட் ஊற்றினேன். காய்வதற்குள் தினமும் விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தான். வாத்தியாரிடம் முறையைக் கேட்டு வந்து, இடுப்பு எங்கே இருக்க வேண்டும், கால் எப்படி அகல வேண்டும் என்று எனக்குப் பாடம் எடுப்பான். தூக்குவதற்கு முன்னால் கண்ணை மூடி உதடு அசையத் தாயார் பேரைச் சொல்வான். தலைக்கு மேல் நிறுத்தியதும் ஒரு சிரிப்பு வரும். ஜெயித்த சிரிப்பு இல்லை அது. கைக்குழந்தையைத் தூக்கிவைத்தால் சிலர் முகத்தில் வருமே, அந்த மாதிரி. அந்தச் சிரிப்பைப் பார்க்கவே ஷிப்ட் முடிந்ததும் டீக்கடையில் நிற்காமல் வீட்டுக்கு வருவேன்.

எட்டாம் வகுப்பில் விருதுநகரில் நடந்த போட்டிக்கு வாத்தியார் அழைத்துப் போனார். மீசை முளைத்த பத்தாம் வகுப்புப் பையன்களோடு நின்று இரண்டாவதாக வந்தான். "பழக்கத்தை மட்டும் விட்டுராம இருக்கச் சொல்லுங்க அண்ணாச்சி. இந்தப் பிள்ளைக்கு இது தானா வருது" என்றார் வாத்தியார்.

ஒன்பதாம் வகுப்புக்குப் போன ஜூன் மாதம்தான் முதல் சந்தேகம் வந்தது. பள்ளிக்கூடக் கால்சட்டைக்கு அடியில் மடிப்பு வைத்துத் தைத்திருப்போம். வருடா வருடம் ஜூனில் மடிப்பைப் பிரித்து நீளம் விடுவது என் வீட்டுக்காரியின் வேலை. அந்த வருடம் அவள் ஊசியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தவள், அவனை மாட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, "ஏங்க, செத்த வாங்களேன்" என்று என்னைக் கூப்பிட்டாள். கால்சட்டை சரியாக இருந்தது. போன வருடத்து அளவே சரியாக இருந்தது. கூடப் படித்த பையன்கள், முன்பு இவன் தோளளவு நின்றவர்கள், ஒவ்வொருவராக இவனைத் தாண்டிக்கொண்டிருந்தார்கள்.

என் அக்கா அடுத்த தெருவில் இருக்கிறாள். பாசமானவள். அவனைத் தூக்கி வளர்த்தவள். விஷயத்தைக் கேட்டதும் நேராகக் கொல்லைக்குப் போய் அந்தச் சிமெண்ட் டப்பாவைப் பார்த்தாள்.

"ஏலே, புத்தி இருக்கால உனக்கு? வளர்ற பிள்ள தலைக்கு மேல பாரத்தைத் தூக்கி வச்சா எப்படில வளரும்? செடி மேல கல்லத் தூக்கி வச்சிருக்க."

"வாத்தியார் ஒண்ணும் செய்யாதுங்காருக்கா."

"அவருக்கென்ன, கப்பு வந்தாப் போதும். உங்க மில்லுல பேல் தூக்குறவுகளைப் பாரு. ஒருத்தனாச்சும் ஒன்னையப் போல நெட்டையா இருக்கானா? டீவில தூக்குறவனைப் பாரு. பூராம் கட்டை குட்டை."

அவள் சொன்னது கண்ணுக்குத் தெரிந்த விஷயமாக இருந்தது. பஞ்சுப் பேல் தூக்குகிறவர்களில் பலர் குட்டைதான். அவர்கள் முதலிலேயே அப்படி இருந்ததால்தான் அந்த வேலை அவர்களுக்கு வாகாக இருந்தது என்று எனக்கு எங்கே தோன்றியது? விளையாட்டு வாத்தியார் வீட்டுக்கே வந்து, "அண்ணாச்சி, எடை தூக்குறதால வளத்தி நிக்காது, குட்டையா இருக்கிறவனுக்குத் தூக்குறது சுளுவு, அதான் அவன் இதுல நிலைச்சு நிக்கிறான்" என்று சொன்னபோதும், அவர் போன பிறகு அக்கா, "பாத்தியா, அவரு வாயாலயே சொல்லிட்டாரு, குட்டைன்னு" என்றாள்.

நாங்கள் செய்ததெல்லாம் எங்களுக்குத் தெரிந்ததைத்தான். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு தாயாரிடம் போனோம். எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம். பெரிதாக ஒன்றைக் கேட்கும்போது, பிடித்தமான ஒன்றைச் சன்னதியில் விட்டுவிட்டு வருவது. என் வீட்டுக்காரி அவன் பிறப்பதற்காகப் பால்கோவாவை விட்டவள். ஸ்ரீவில்லிபுத்தூரில் பிறந்து வளர்ந்தவளுக்கு அது எம்புட்டுப் பெரிய விஷயம் என்று வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. இன்றுவரை ஒரு விரல் தொட்டு நாக்கில் வைத்ததில்லை. விட்டதை எடுக்கக் கூடாது. அதுதான் முறை.

தீபாவளி வரைக்கும் மட்டும் தூக்குவதை நிறுத்திப் பார்ப்போம் என்றுதான் பஸ்ஸில் பேசிக்கொண்டு போனோம். சன்னதியில் தீர்த்தம் வாங்கி, சடாரி சாத்தியபின் அவனாகக் கையைக் கூப்பி, நாங்கள் சொல்லிக்கொடுக்காததைச் சொன்னான். "தாயாரே, எங்கப்பா உயரத்துக்கு வாரவரைக்கும் இனி எடையைத் தொட மாட்டேன்." குரல் பெரிய ஆள் குரல். சொன்னது பதின்மூன்று வயதுப் பிள்ளை. நான் பக்கத்தில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன். என்ன பக்தி என் பிள்ளைக்கு என்று பூரித்துப்போனேன்.

சொன்னதை அவன் காத்த விதம் இருக்கிறதே. குடம் தூக்க மாட்டான். கேஸ் சிலிண்டரை உருட்டி வைக்கச் சொன்னால் என்னைக் கூப்பிடுவான். அந்த வருடம் ஆடிப்பூரத் தேருக்குப் போயிருந்தோம். ஸ்ரீவில்லிபுத்தூர் தேர் எவ்வளவு பெரிது என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். நானும் வடத்தைப் பிடித்திருந்தேன். திரும்பிப் பார்த்தால் இவன் கடை ஓரமாக ஒதுங்கி நிற்கிறான். அவன் வகுப்புப் பையன்கள் நாலைந்து பேர் வடத்தைப் பிடித்துக்கொண்டு அவனைக் கூப்பிட்டார்கள்.

"ஏலே, வாலே! மாவட்டத்துல ரெண்டாவது வந்த பயில்வான் தேரு இழுக்க மாட்டானாம்ல!"

"கயித்தத் தொட்டா இன்னும் ரெண்டு இஞ்சு சுருங்கிருவானாம்லே, விடு" என்றான் இன்னொருவன்.

தேர் நகர்ந்தது. தாயார் அவனைத் தாண்டிப் போகும்போது இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பினான். எடையை நிறுத்தும்போது கை எப்படி நேராக இருக்குமோ அப்படி. எனக்கு வடம் கையில் வழுக்கியது. வீட்டுக்கு வரும்போது கேட்டேன், "தேரு பாரமில்லையேய்யா, அது கைங்கரியம்தானே?" என்று. "எனக்கு ஆசையா இருந்துச்சுப்பா. ஆசையா இருந்ததுனாலதான் தொடல" என்றான்.

அதன் பிறகு நாங்கள் காத்திருந்தோம். அதுதான் எங்கள் மாதிரி ஆட்களுக்கு வருகிற வினை. தாயாரிடம் ஒப்படைத்தாயிற்று. இனி டாக்டரிடம் கூட்டிப் போனால் அவளை நம்பாத மாதிரி ஆகிவிடுமே என்று எனக்கு ஒரு பயம். என் வீட்டுக்காரி இரண்டு தடவை மெல்லக் கேட்டாள். "செத்த பொறு" என்றேன். அவன் பத்தாவது முடித்தான், பன்னிரண்டாவது முடித்தான். என் தோளுக்குக் கீழேயே நின்றுவிட்டான். நான் அவன் பக்கத்தில் நடக்கும்போது என்னை அறியாமல் முதுகைக் கூன் போட்டு நடக்க ஆரம்பித்திருந்தேன். "நிமிந்து நடங்கப்பா, கழுத்து வலிக்கும்" என்பான்.

கடைசியில் என் வீட்டுக்காரிதான் துணிந்தாள். அவளோடு வேலை பார்க்கிற ஒருத்தியின் மகள் வளரவில்லை என்று மதுரையில் ஒரு டாக்டரம்மாவிடம் காட்டியிருந்தார்கள். "தாயார் வேண்டாம்னா சொன்னா? அவதான் இந்தப் பொம்பளைய எம்பக்கத்துல உக்கார வச்சிருக்கா" என்றாள் என்னிடம். மறுநாளே மில்லில் லீவு சொன்னேன்.

டாக்டரம்மா அவன் இடது கையை எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். படத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "இவனுக்கு மீசை எப்ப வந்துச்சு?" என்று கேட்டார். நான் எப்போதும் சொல்கிற பஸ் கதையைச் சொன்னேன். கண்டக்டர் மாதிரி பேசிக்கூடக் காட்டினேன். அந்தக் கதைக்குச் சிரிக்காத ஆளை அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்த்தேன். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"எட்டு வயசுலயா?" என்றார். பிறகு நிதானமாக, எனக்குப் புரியும்படி சொன்னார். "சில பிள்ளைகளுக்குப் பருவம் முன்கூட்டியே வந்துரும். பையன்களுக்கும் வரும். அப்ப மளமளன்னு வளருவாங்க, பெத்தவங்களுக்குச் சந்தோஷமா இருக்கும். ஆனா எலும்பும் சீக்கிரமே முத்திரும். இந்த நுனியில வளர்றதுக்குன்னு ஒரு இடம் இருக்கும். மத்தவங்களுக்குப் பதினாறு, பதினேழு வயசுல மூடுறது இவனுக்கு முன்னாடியே மூடிருச்சு. அந்த எட்டு வயசுல காட்டியிருந்தா ஏன்னு பார்த்து, தள்ளிப்போட ஊசி கொடுத்துப் பார்த்திருக்கலாம். இப்ப ஒண்ணும் பண்ண முடியாதுங்க."

நான் அந்தச் சிமெண்ட் டப்பாவைப் பற்றிக் கேட்டேன்.

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை. முறை தெரிஞ்சவங்க பக்கத்துல இருந்து, வயசுக்குத் தக்கபடி பழகினா எடை தூக்குறதால உயரம் குறையாது. கண்டபடி தூக்கி அடிபட்டாத்தான் ஆபத்து. இவன் தூக்காம இருந்திருந்தாலும் இவ்வளவுதான் வளர்ந்திருப்பான்."

என் மகன் அப்போதுதான் வாயைத் திறந்தான். "அப்ப நான் தூக்கியிருக்கலாமா டாக்டர்? இந்த நாலு வருஷமும்?"

"தாராளமா தூக்கியிருக்கலாமே" என்றார் அவர். அவருக்கு எதுவும் தெரியாது, பாவம். நல்ல சேதி சொல்வதாக நினைத்துத்தான் சொன்னார்.

பஸ்ஸில் திரும்பி வந்தோம். ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம் தெரிந்ததும் அவன் எப்போதும் போலக் கையைக் கூப்பினான். என் கை மேலே வரவில்லை. கோபம் இல்லை. எந்த முகத்தோடு கூப்புவது என்று தெரியவில்லை. பிள்ளைக்கு வந்த கோளாறைத்தானே இத்தனை வருடம் வரம் என்று ஊருக்கெல்லாம் சொல்லிச் சிரித்தேன்.

வீட்டுக்கு வந்த இரண்டாம் நாள் எனக்கு ஒரு வேகம் வந்தது. போனது போகட்டும், பிள்ளைக்குப் பிடித்ததையாவது திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று. வயது பதினேழுதானே? கொல்லையில் கிடந்ததைத் தேய்த்துக் கழுவி வைத்தேன். விளையாட்டு வாத்தியாரிடமும் சொல்லிவைத்தேன். அவரும் "இன்னும் நேரமிருக்கு, அனுப்புங்க" என்றார். ஆனால் என் மகன் அதைத் தொடவில்லை. "அப்பா உயரம் வாரவரைக்கும்னு சொல்லிட்டேனேப்பா" என்றான்.

எனக்கு அப்போதுதான் அந்த வார்த்தை முழுசாகப் புரிந்தது. என் உயரம் அவனுக்கு வரப்போவதில்லை. அப்படியென்றால் அவன் சொன்னதற்கு முடிவே கிடையாது.

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஓடினேன். சன்னதியில் பட்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வயதானவர். பொறுமையாகக் கேட்டார். "குழந்தை தெரியாம சொன்னது. தாயார் அதையெல்லாம் பிடிச்சு வச்சுக்க மாட்டா. மாலை ஒண்ணு சாத்திட்டு, தாராளமாத் தூக்கச் சொல்லுங்கோ" என்று பிரசாதமும் கொடுத்தார். அந்தப் பிரசாதத்தை மடியில் கட்டிக்கொண்டு வந்து அவனிடம் கொடுத்து, பட்டர் சொன்னதைச் சொன்னேன்.

அவன் கண்ணில் ஒற்றிக்கொண்டான். "அவிய சொல்லுதது சரிதான்ப்பா. தாயார் என்கிட்ட எதுவும் கேக்கல. நானாத்தான் சொன்னேன். இப்ப வளரலைன்னதும் எடுத்துக்கிட்டா, அன்னைக்கு நான் வியாபாரம்தானே பேசினேன்னு ஆயிரும்?"

"ஏய்யா, உனக்குப் பிடிச்சதாச்சேய்யா."

"பிடிக்காததையா சன்னதியில விடுவாக? அம்மா பால்கோவா திங்காளா?"

அடுக்களையில் அவன் அம்மா பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றுவிட்டது.

நான் கெஞ்சிப் பார்த்தேன். கோபப்பட்டும் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. அவன் வீம்புக்குச் சொல்லவில்லை, அழவும் இல்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். சொன்ன சொல்லைக் காக்க வேண்டும் என்று நடக்கத் தெரிந்த நாளிலிருந்து அவனுக்குச் சொல்லி வளர்த்தது நாங்கள்தான். இப்போது அது வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வது?

இப்போது அவனுக்கு இருபத்து மூன்று வயது. பேண்டேஜ் கம்பெனியில் சரக்கு ஏற்றுகிற இடத்தில் வேலை. பகல் முழுக்க அட்டைப்பெட்டி தூக்கித்தான் லாரியில் அடுக்குகிறான். "இது மட்டும் எடை இல்லையாய்யா?" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். "இது சம்பளத்துக்குத் தூக்குததுப்பா, ஆசைக்கு இல்ல" என்றான். அவன் பெட்டியைத் தூக்குவதை ஒருதடவை கம்பெனி வாசலுக்கு வெளியே நின்று பார்த்தேன். இடுப்பை இறக்கி, முதுகை நேராக வைத்து, வாத்தியார் சொல்லிக்கொடுத்த அதே முறை. தூக்கி லாரியில் வைத்தபின் அவன் முகத்தைப் பார்த்தேன். சிரிப்பு வரவில்லை. அடுத்த பெட்டிக்குக் குனிந்தான்.

இதை எழுத முடிவெடுத்ததற்குக் காரணம் சமீபத்தில் கேட்ட பேச்சுகள்தான். இன்னும் எங்கள் தெருவில் பிள்ளைகள் ஜிம்முக்குப் போனால், "அந்த ஃபிட்டர் மகனைப் பாருங்க, தூக்கித் தூக்கித்தான் வளராமப் போனான்" என்று தடுக்கிறார்கள். டாக்டர் சொன்னதை அக்காவிடம் எத்தனை முறை சொன்னாலும் "என்னமோப்பா" என்கிறாள். சிலர் தாயாரை நம்பி மோசம் போனார்கள் என்கிறார்கள். என் வீட்டுக்காரியின் கம்பெனியில் ஒரு நல்ல மனுஷி, புதிதாகச் சேர்ந்த பெண்களிடம் இந்தக் கதையைச் சொல்லி, கடைசியில் அந்தப் பையன் மறுபடியும் தூக்கிப் பதக்கம் வாங்கிவிட்டதாக முடித்தாளாம். கேட்டவர்களுக்கு மனசு தாங்காது என்று அப்படிச் சொன்னாளாம். அதை என் வீட்டுக்காரி என்னிடம் சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

ஆகையால் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள். மூன்றாம் வகுப்பில் மீசை முளைத்த பிள்ளையை யாராவது பெருமையாகக் காட்டினால், சிரித்துவிட்டுப் போகாமல் டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள். எடை தூக்க ஆசைப்படுகிற பிள்ளைக்கு முறை தெரிந்த ஆளைத் தேடிக் கொடுக்கச் சொல்லுங்கள். ஆனால் எங்கள் கதையைச் சொல்லும்போது நடந்ததை நடந்தபடியே சொல்லுங்கள். தாயார் மேல் எங்களுக்கு ஒரு குறையும் கிடையாது, சனிக்கிழமை தோறும் மூன்று பேரும் போய்க்கொண்டுதான் இருக்கிறோம். அதைக் கழித்துவிட வேண்டாம். என் மகன் திரும்பத் தூக்கினான் என்று சேர்க்கவும் வேண்டாம். கேட்கிறவர்கள் வருத்தப்படுவார்களே என்றும் மாற்ற வேண்டாம். வருத்தப்படட்டும். அவன் இன்றுவரை தூக்கவில்லை.